உயிரோடு இருப்பவரின் பெயர்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பகல். எங்கள் ஊர் ஆற்றங்கரைத் தெரு முனையில் ஆட்டோ திரும்பியது. கூரையில் குழாய் ஸ்பீக்கர். ஓட்டுகிறவர் மைதீன். பின்சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான். வெள்ள எச்சரிக்கை வாசித்துக்கொண்டு போகிறோம்.

நாலைந்து வீடு தாண்டியதும் ஒரு கதவு திறந்தது. தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் வாசலுக்கு ஓடிவந்தாள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கி ஆட்டோவை மறித்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

“யாரு அண்ணாச்சி?”

“யாரும் இல்லம்மா. வெள்ளம் வரப்போவுது, வீட்டைக் காலி பண்ணுங்கன்னு சொல்லிட்டு வாரோம்.”

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். “அவ்வளவுதானா, நான் பயந்தே போயிட்டேன்” என்று சொல்லிவிட்டு, அடுப்பில் தோசை கருகுதென்று உள்ளே ஓடிவிட்டாள்.

மைதீன் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் அவள் கேட்டது உறைத்தது.

மிக்ஸி நிற்கும் சத்தம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் கதை தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் பாளையங்கோட்டைக்காரன். அங்கே ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். சின்ன வயதிலிருந்து கோயிலில் வேதபாடம் வாசித்து வாசித்துக் குரல் தடித்துப்போனது. கிறிஸ்தவர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். மனைவி எஸ்தருக்கு ஆசிரியை வேலை கிடைத்ததால், கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே ஆற்றை ஒட்டிய இந்த ஊருக்குக் குடிவந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் மைதீனின் ஆட்டோவில் ஏறினேன். ஊரில் யாராவது இறந்தால் முதலில் ஐஸ் பெட்டி வரும், அடுத்து நாங்கள் வருவோம். சைவப் பிள்ளைமார் வீடென்றால் ‘சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று வாசிப்பேன். எங்கள் ஆட்கள் வீடென்றால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. பள்ளிவாசல் தெருவென்றால் ‘வஃபாத்தாகிவிட்டார்கள்’. வார்த்தை மாறுமே தவிர வரிசை மாறாது. முதலில் தெரு. அப்புறம் இன்னாரின் குமாரரும், இன்னாரின் தகப்பனாரும், இன்னாரின் மாமனாருமான என்று உறவுகள். பெயர் கடைசியில்தான்.

அந்த வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. தெரு பெயரைச் சொன்னதும் வீடுகளில் மிக்ஸி நிற்கும். உறவு சொல்லச் சொல்ல டி.வி. சத்தம் குறையும். செல்போனில் பேசிக்கொண்டிருப்பவர், ‘செத்த இரு, யாருன்னு கேட்டுக்கிடுதேன்’ என்பார். பெயர் வரும்போது ஊரே காதாக இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துப் பழகியவனுக்கு வேறெதுவும் கைதட்டலாகத் தெரியாது. எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இதே குரலில்தான் மற்ற அறிவிப்புகளும். குடிதண்ணீர் வராது, கொசு மருந்து அடிக்க வருவார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், ஆற்றில் ஆழம் பார்க்காமல் இறங்காதீர்கள். இதெல்லாம் ‘பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கும். அதற்கு எந்த வீட்டிலும் மிக்ஸி நின்றதில்லை. பொதுமக்கள் என்று ஒருத்தரும் எங்கள் ஊரில் குடியிருக்கவில்லை. அது யாரோ வெளியூர் ஆட்கள்.

கொரோனா சமயத்தில் முகக்கவசம் அணியுங்கள் என்று நாள் முழுக்கச் சுற்றினேன். கொஞ்ச நாளில் தெருப்பிள்ளைகள் என் குரலை அப்படியே பேசிக் காட்ட ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள், முகக்கவசம் இல்லாமல்.

எஸ்தர் போன அன்று நான் மைக்கைத் தொடவில்லை. மைதீன்தான் வாசித்தார். அவருக்கு நித்திரை என்ற இடத்தில் நாக்குத் தடுக்கிவிட்டது. தெருத் தெருவாக அந்தத் தடுக்கல் கேட்டுக்கொண்டே போனதை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டேன். என் வாழ்நாளில் நான் வாசிக்காமல் கேட்ட ஒரே அறிவிப்பு அது.

மணிமுத்தாறில் ஒரு மச்சினன்

அந்த மழைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் ஆட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை. போனை எடுப்பார்கள். எல்லா வீட்டுக்கும் மணிமுத்தாறிலோ பாபநாசத்திலோ ஒரு மச்சினனோ சித்தப்பா மகனோ இருப்பான். ‘டேம் தொறந்தாச்சா?’ என்று கேட்பார்கள். இல்லை என்று அவன் சொன்னால் அன்றைக்கு வெள்ளம் கிடையாது. அரசாங்கம் என்ன சொன்னாலும் சரி. டி.வி.யில் சிவப்பு வண்ணத்தில் எழுத்து ஓடினாலும் சரி.

அந்தப் பகலிலும் மச்சினன்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். டேம் திறக்கவில்லை. அது உண்மையும்கூட.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்களுக்கு விவரம் தெரிந்து ஒரு பெரிய வெள்ளம் வந்திருக்கிறது. தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார்கள். சில வீடுகளில் சுவரில் கோடே போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு பொருளை வைத்துவிட்டால் அது பத்திரம். தண்ணீரும் அந்தக் கோட்டை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் ஊர் வி.ஏ.ஓ. ஒரு சின்ன வயதுப் பெண். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஏதோ பனங்காட்டு ஊர். அவர்தான் காலையில் என் வீட்டுக்கு வந்து, தெற்கே வயல்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய குளத்துக் கரையில் கசிவு என்றார். மழை மலையில் மட்டும் பெய்யவில்லை, ஊர்களின் தலைமேல் நின்று பெய்கிறது, குளங்கள் எல்லாம் ததும்புகின்றன, டேமைத் திறக்காமலே வெள்ளம் வரும், ஆற்றுப் பக்கமிருந்து அல்ல, பின்பக்கமிருந்து வரும் என்றார். பேசும்போது கையிலிருந்த குடை ஆடியது.

“எங்க ஊர்ல மழை பெஞ்சா தெருவுல எறங்கி நின்னு வேடிக்கை பாப்போம் அண்ணாச்சி. இவ்வளவு தண்ணிய நான் பாத்ததே இல்ல. அதான் கை நடுங்குது. இங்க உள்ளவங்க யாருக்குமே நடுங்கலையே, ஏன்?”

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு நடுங்காது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அது பெருமைப்படுகிற விஷயம் இல்லை என்று அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

அடுத்த தெரு

வி.ஏ.ஓ. எழுதிக் கொடுத்த வாசகத்தில் ‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள்’ என்று இருந்தது. நான் அப்படியே வாசித்தேன். கிழக்குத் தெருக்காரர்கள், ‘அது ஆற்றங்கரைத் தெருவுக்குச் சொல்லுதாவ’ என்றார்கள். ஆற்றங்கரைத் தெருக்காரர்கள், தங்கள் தெரு கல்கட்டு போட்டு உயர்த்தியது, தாழ்வு என்றால் அது தோப்புத் தெரு என்றார்கள். தோப்புத் தெருவில், ‘நாங்க என்ன பள்ளத்துலயா கெடக்கோம்?’ என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். எங்கே போனாலும் வெள்ளம் அடுத்த தெருவுக்குத்தான் வருவதாக இருந்தது.

குளம் என்று நான் தனியாகச் சேர்த்துச் சொன்னதும் எடுபடவில்லை. வெள்ளம் என்றால் ஆறு. ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் பாதிப் பேர் குடையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்குப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். படி இன்னும் முங்கவில்லை என்று திரும்பி வந்து காபி போட்டார்கள். குளம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தத் தோசைக் கரண்டிப் பெண் வந்து ‘யாரு அண்ணாச்சி’ என்று கேட்டது. என் குரலைக் கேட்டு ஊரே வாசலுக்கு வரத்தான் செய்தது. வந்தது பெயர் கேட்க. பெயர் இல்லையென்றதும் நிம்மதியாக உள்ளே போனார்கள். சொல்லப்போனால், ஒருத்தரும் சாகவில்லை என்ற நல்ல சேதியைத்தான் நான் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

சங்கரலிங்கம்

ஆற்றங்கரைத் தெருவின் கடைசி வீடு சங்கரலிங்கத்தினுடையது. எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். எஸ்தர் அவரிடம்தான் வேலை பார்த்தாள். அவருடைய மனைவி கோமதி முன்னாலேயே போய்விட்டார். ஒரே மகள் உமா சென்னையில். எஸ்தரும் போன பிறகு, நாங்கள் இரண்டு பேரும் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்போம். பெரிதாகப் பேச்சொன்றும் இருக்காது. அவர் பேப்பரில் உள்ள தப்பைக் கண்டுபிடிப்பார், நான் அதை உரக்க வாசிப்பேன். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் சட்டையைத் தேய்த்து வைப்பேன்.

ஆட்டோவை நிறுத்தி, நனைந்துகொண்டே அவர் வீட்டுக்குள் போனேன். ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். பின்னால் சுவரில் அவருடைய அப்பா போட்ட கோடு. அதற்கு ஒரு சாண் மேலே சாமி படங்கள்.

எவ்வளவோ சொன்னேன். குளம் என்றேன், பின்பக்கம் என்றேன். சரித்திரத்திலேயே இந்தக் கோட்டைத் தாண்டி வந்ததில்லை என்றார். சரித்திரம் இன்னும் முடியவில்லையே என்றேன். சிரித்தார். முழங்கால் வலி என்றார். மணிமுத்தாறில் ஒரு பழைய மாணவன் இருக்கிறான், கேட்டாயிற்று என்றார். கடைசியில் உண்மையான காரணம் வந்தது. முகாம் போட்டிருந்தது அவருடைய பள்ளிக்கூடத்தில்.

“நான் பாடம் நடத்துன கிளாஸ்ல, எங்கிட்ட அடி வாங்குனவன் பொண்டாட்டி பிள்ளையோட பாத்துக்கிட்டு இருக்க, பாயை விரிச்சு என்னைப் படுக்கச் சொல்லுதீரா வே?”

வெள்ளம் வந்தாலும் வரலாம் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்தப் பாய் நிச்சயம். நிச்சயமான அவமானத்துக்கும் சந்தேகமான சாவுக்கும் நடுவே அவர் கணக்குப் போட்டு முடித்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாமும் தினமும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறோம், டாக்டரிடம் போகாமல் ஒத்திப்போடுகிற ஒவ்வொரு தடவையும்.

‘போம் வே, நனைஞ்சு காய்ச்சல் வந்துரும்’ என்று எனக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வந்தபோது வி.ஏ.ஓ.விடமிருந்து போன். கரையில் ஒரு இடம் சரிந்துவிட்டது, இனி நேரமில்லை என்றார். அழுகிற குரல்.

நிறுத்திய இடம்

யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். ஆட்டோவில் ஏறினேன். மைதீனிடம் தெரு நடுவில் போய் நிறுத்தச் சொன்னேன். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது குரல் தானாகவே அந்தப் பழைய தாளத்துக்கு இறங்கிவிட்டது.

“ஆற்றங்கரைத் தெருவைச் சேர்ந்த, காலஞ்சென்ற நெல்லையப்ப பிள்ளை அவர்களின் குமாரரும், காலஞ்சென்ற கோமதி அம்மாள் அவர்களின் கணவரும்…”

மைதீன் சடாரென்று திரும்பினார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். உயிரோடு இருக்கிறவரின் பெயரை அந்த மைக்கில், அந்த வரிசையில் சொல்வது எங்கள் ஊரில் செய்யக்கூடாத காரியம். சூனியம் வைத்தால்கூட மன்னிப்பார்கள்.

“…சென்னையில் வசிக்கும் உமா அவர்களின் அன்புத் தகப்பனாரும், நம் ஊர்ப் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியருமான, திரு. சங்கரலிங்கம் அவர்கள்…”

அங்கே நிறுத்தினேன். எதற்காக அவ்வளவு நேரம் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினேன் என்று சிலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்டு. ஆனால் அந்த அமைதி எனக்குப் பழக்கமான அமைதி. மழைச் சத்தத்தையும் மீறி ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கதவுகள் திறந்தன.

“…இன்னும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறார்கள். குளத்துக் கரை சரிந்துவிட்டது. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள்.”

பின்பாதியை யார் கேட்டார்கள்? தெருவே அழுதுகொண்டு அவர் வீட்டுக்கு ஓடியது. பக்கத்துத் தெருக்களும் வந்தன. கைக்குழந்தையோடு வந்தார்கள், கட்டிலில் கிடந்த மாமியாரைத் தனியே விடக்கூடாதென்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாவு வீட்டுக்கு எங்கள் ஊரில் கதவைப் பூட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்கள். அதற்கு யாரும் மச்சினனுக்குப் போன் போட்டுக் கேட்பதில்லை.

சங்கரலிங்கம் வாசலில் வந்து நின்றார். கூட்டம் அவரைப் பார்த்து அலறியது. அந்த அலறல் முடிவதற்குள் கொல்லைப்புறக் கதவு வழியாகத் தண்ணீர் கூடத்துக்குள் நுழைந்தது. செம்மண் நிறத்தில், சத்தமே இல்லாமல் வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். யாரோ ஒருவரின் டிராக்டர் வந்தது. எல்லாரும் ஏற்கெனவே தெருவில் இருந்ததால் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் பின்சுவர்கள் வரிசையாக விழுந்தன. சங்கரலிங்கத்தின் அப்பா போட்ட கோடு, சாமி படங்கள், எல்லாமே தண்ணீருக்குள் போயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

டிராக்டரில் ஏறும்போது அவருக்குக் கை கொடுத்தேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. சத்தமே போடாமல் சொன்னார்.

“நீரு என்னைக் கொன்னுட்டீரு வே. இனி எங்கூடப் பேசாதேயும்.”

ஊரைத் தாண்டிய செய்தி

அறிவிப்பின் முன்பாதியைக் கேட்டவுடனேயே யாரோ ஒருவர் உமாவுக்குப் போன் போட்டுவிட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். பின்பாதியைச் சொல்ல மறுபடி போட்டபோது லைன் இல்லை. கரண்டும் போனது, செல்போன் டவரும் போனது. அப்பா இறந்துவிட்டார் என்பதோடு செய்தி சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்பது எங்கள் பள்ளிக்கூட வராந்தாவை விட்டு வெளியே போகவில்லை.

அபாயத்தைச் சொல்வது எப்படி என்று இப்போது என்னைக் கூப்பிட்டு அதிகாரிகள்கூடக் கேட்கிறார்கள். ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயத்தைக் கிளப்பிவிட்டால் அது நம் கையில் நிற்காது. நாம் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறோமோ அங்கிருந்தே ஓடிவிடும்.

ரயில் ஓடவில்லை. உமா பஸ்ஸிலும் லாரியிலும் நடந்துமாக இரண்டு மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தாள். சேறு அப்பிய காலோடு பள்ளிக்கூட வாசலில் நின்று, அப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்டது என்னிடம்தான். நான் வாயைத் திறப்பதற்குள், எட்டாம் வகுப்பு அறையிலிருந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு துணிக்கடைப் பை. வழியில் வாங்கியிருக்கிறாள். அதில் என்ன என்று அவர் கேட்டார். அவள் அதை அப்படியே நீட்டினாள். பையைப் பிரித்துப் பார்த்தார். புது வேட்டியும் துண்டும். இறந்தவர் மேல் போடுகிற கோடித் துணி.

வந்த நாளிலிருந்து ஈர வேட்டியோடுதான் இருந்தார். முகாமில் கொடுத்த பழைய துணியை வாங்க அவருக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் அந்தப் புது வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். “காஞ்ச துணி நல்லாத்தான் இருக்கு” என்றார் மகளிடம். என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

உமா ஊருக்குக் கிளம்புமுன் என்னிடம் வந்தாள். கோபமாகப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்க செஞ்சது சரிதான்னு எனக்குத் தெரியும் மாமா. ஆனா வழி நெடுக அழுது, அப்பாவை அனுப்பி முடிச்சிட்டேன். இப்ப அப்பாவைப் பாத்தா எனக்குச் சந்தோசப்படத் தெரியல. பைய பைய வரும்னு நினைக்கேன்.”

இனி அவரைத் தனியே விட மாட்டேன் என்று கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆற்றில் குளிக்காமல் ஒருநாள்கூட இருக்காத மனிதர். ஆறாவது மாடியில் வீடு என்று கேள்விப்பட்டேன். வெள்ளம் வராத இடம்.

பெயரைச் சொல்லாதீங்க

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் என்னை மைக் பிடிக்கக் கூப்பிடுவதில்லை. யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டைத் தாண்டிப் போனால் கதவு பைய மூடும். உயிரோடு இருந்தவரின் பேரை மைக்கில் சொன்ன வாய் அல்லவா. வி.ஏ.ஓ. அம்மாவும் மாற்றலாகிப் போய்விட்டார். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அதை ஊர் பார்க்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இப்போது மழை கனத்து எங்கள் ஆட்டோ தெருமுனையில் திரும்பினாலே போதும். ஆட்கள் பையும் பாயுமாக வாசலில் நிற்கிறார்கள். “நாங்க கிளம்பிட்டோம் அண்ணாச்சி, பேரைச் சொல்லிராதீங்க” என்கிறார்கள். மைதீன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்ட பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போகிறதென்று தெரியாது.

டீக்கடைக்கு இப்போதும் போகிறேன். பேப்பர் வாங்குகிறேன். அதில் உள்ள தப்புகளை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. சங்கரலிங்கத்துக்குப் போன் போட்டால் அடித்து ஓயும். பண்டிகைக்குப் போட்டாலும் அப்படித்தான். உமா எடுத்தால், அப்பா தூங்குகிறார் என்பாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

வராந்தா

இந்த வருஷ மழையில் என் தெருவையும் காலி பண்ணச் சொன்னார்கள். சொன்னவுடனே கிளம்பிவிட்டேன். எனக்கென்ன, பூட்டுகிறதற்கு ஒரு கதவு, எடுப்பதற்கு எஸ்தரின் வேதப்புத்தகம். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த சட்டை, கையில் சூடான டீ. சுற்றிலும் ஊர். குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். என் பெஞ்சில் மட்டும் நிறைய இடம் இருந்தது.

மைதீனின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவர், கொஞ்சம் கழித்து போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“வாத்தியாரு. மெட்ராஸ்ல டி.வி.யில பாத்தாராம். நீங்க வீட்டை விட்டு வெளிய வந்தாச்சான்னு கேக்காரு.”

என் நம்பர் அவரிடம் இருக்கிறதே என்றேன். இருக்கிறதாம், ஆனால் என்னிடம் கேட்க மாட்டாராம், மைதீன்தான் சொல்ல வேண்டுமாம்.

போனிலிருந்து அவர் குரல் லேசாகக் கேட்டது. வார்த்தை புரியவில்லை. வகுப்பில் பதில் வராதபோது கேட்கிற அதே அதட்டல். எத்தனையோ நாள் கழித்து அந்தக் குரல். நான் எட்டி வாங்கியிருக்கலாம். வாங்கினால் அவர் போனை வைத்துவிடுவார்.

“இன்னும் வரலைன்னு சொல்லும்” என்றேன்.

மைதீன் விழித்தார். “அண்ணாச்சி, நீங்க இங்கனதான…”

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருக்காருன்னு சொல்லும். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்காரு, நீங்க சொன்னா கேப்பாருன்னு சொல்லும்.”

மைதீன் போனைப் பொத்திய கையை எடுத்தார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே போனில் சொன்னார்.

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பையிலிருந்து என் போனை எடுத்து, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.